ஆறு பிள்ளைகளை மலையிறக்கிய ஆண்டு

2022 ஜூன் மாதம் கோத்தகிரியிலிருந்து ஆறு பெண் பிள்ளைகளைக் கீழே சமவெளியில் ஒரு ஹாக்கி அகாடமிக்கு அழைத்துப் போனேன். டிசம்பரில் ஆறு பேரையும் திரும்பக் கூட்டி வந்தேன். இடையில் என் கையை விட்டுப் போனது 1,29,000 ரூபாய். அது போகட்டும், சங்கிலியை அடகு வைத்து அடைத்தாயிற்று. சோலூர்மட்டம் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்குதான் இன்னும் தீரவில்லை. போன மாதம், என்னோடு ஒரே அணியில் ஆடிய ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, ஓர் அகாடமிக்குப் பிள்ளைகளைப் பார்த்துக் கொடுத்தால் தலைக்கு ஐயாயிரம் தருகிறார்களாம், போகட்டுமா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினேன். அதே ஒரு மணி நேரத்தை அன்றைக்கு எனக்கு யாராவது கொடுத்திருக்கலாமே என்று பேசி முடித்த பிறகு தோன்றியது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை அம்மா இன்னமும் தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அரசாங்க முத்திரை உள்ள எந்தக் காகிதத்தையும் எறிய விடமாட்டார். அந்தப் பெட்டியை நான் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். எங்கள் பள்ளி மைதானம் மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு படி, அவ்வளவுதான். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் வேலியில்லாத சரிவு, கீழே தேயிலை. பந்தை நிறுத்தத் தவறினால் உருண்டு செடிகளுக்குள் போய்விடும். தவறவிட்டவள்தான் இறங்கித் தேட வேண்டும். மழைக்காலத்தில் பந்தோடு ஏறி வரும்போது கணுக்காலில் இரண்டு அட்டையாவது தொங்கும். பந்தை எப்படி நிறுத்துவது என்று எங்கள் ஆசிரியை தனியாகச் சொல்லித் தந்த நினைவில்லை. அட்டை சொல்லித் தந்தது.

பதின்மூன்று வயதில் சமவெளியில் ஒரு விளையாட்டு விடுதி. பிறகு தேசியப் போட்டிகளில் நான்கு முறை தமிழக அணி. பிறகு சென்னையில் ஒரு நிறுவன அணியில் ஒப்பந்த ஆட்டக்காரி; மாதம் 6,000 ரூபாய் உதவித்தொகை. நிரந்தர வேலை அடுத்த ஆண்டு என்றார்கள். அப்படி ஐந்து அடுத்த ஆண்டுகள் போயின. 2010-ல் பயிற்சியின்போது கால் தரையில் நின்றுவிட, உடல் மட்டும் திரும்பியது. வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. எனக்கு 26 வயது. யாரும் நீக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. பதக்கங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. சான்றிதழ்கள்தான் இல்லை. இரண்டு எங்கே போயின என்றே தெரியாது. மற்ற இரண்டில் பெயர் ஒருவிதமாக, பள்ளிச் சான்றிதழில் வேறுவிதமாக.

ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். போட்டி முடிந்து கையில் கிடைக்கும் வண்ணச் சான்றிதழ் சுவருக்குத்தான். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு அவர்கள் கேட்பது படிவம். மாநில அணிக்காகத் தேசியப் போட்டி ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழக அணிக்குப் படிவம் 3, பள்ளி அணிக்குப் படிவம் 4. அதை அந்த ஆண்டே, சங்கத்துச் செயலாளர் பதவியில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். நான் ஆடிய காலத்தில் பெண்கள் ஹாக்கிக்குத் தனிச் சம்மேளனம் இருந்தது. 2009-ல் அதன் இடத்துக்கு ஹாக்கி இந்தியா என்ற புதிய அமைப்பு வந்தது. நான் கையெழுத்துக்குப் போனபோது, அன்று செயலாளராக இருந்த அம்மையார் இருந்தார், காபி கூடக் கொடுத்தார். கையெழுத்தின் கீழே வைக்க வேண்டிய முத்திரைதான் அவரிடம் இல்லை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வரிசையில் நிற்பதற்கு என்னிடம் காகிதம் இல்லை. அம்மா தகரப் பெட்டியைத் திறந்து என் பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான்கைந்து ஆண்டுகள் நான் செய்ததைச் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிகளில் 'கோச்' என்ற பெயரில் மாலை இரண்டு மணி நேரம், மாதம் நாலாயிரம். அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தேன், உடற்கல்வி ஆசிரியர் படிப்பான பி.பி.எட். சேர வேண்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று நானே எனக்கு அந்த நிறுவனத்தின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். 2015-ல் சேர்ந்தபோது அதுவரை ஓராண்டாக இருந்த படிப்பு இரண்டு ஆண்டாகிவிட்டது. முந்தின ஆண்டு சேர்ந்திருந்தால் ஓராண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் மிஞ்சியிருக்கும். நன்றாக ஆடியவருக்கு நன்றாகச் சொல்லித் தரவும் தெரியும் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் ஏழாம் வகுப்பு முன்னால் நின்று பார்க்கட்டும். என் கை செய்வதை என் வாயால் சொல்லத் தெரியவில்லை. "இப்படி" என்று செய்து காட்டுவேன். நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாகச் செய்வார்கள். மட்டையைத் திருப்புவது மேலே பிடித்திருக்கும் இடது கை, கீழே இருக்கும் வலது கை சும்மா வழி காட்டுகிறது, இறுக்கக் கூடாது என்ற ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்க பி.பி.எட். இரண்டாம் ஆண்டு வரை ஆனது. இருபது ஆண்டு அதைச் செய்திருக்கிறேன், ஒருநாள் கூடச் சொன்னதில்லை. ஆட்டக்காரர்களுக்கு என் யோசனை: ஆடும்போதே பட்டத்தை முடியுங்கள், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சி போன்ற ஒன்றை ஓய்வு மாதங்களில் முடித்துவிடுங்கள். முழங்கால் சொல்லிவிட்டுக் கிழிவதில்லை.

2017-ல் கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஆனேன். சம்பளம் 9,000. விளையாட்டு விழாவுக்கு அணிவகுப்பு, காலை வழிபாட்டில் நகம் பார்ப்பது, ஆசிரியர் வராத வகுப்பில் உட்காருவது. இவை போக மிஞ்சிய நேரத்தில் ஹாக்கி. கொரோனா வந்தது. ஆன்லைனில் கணக்கு நடத்தலாம், ஹாக்கி நடத்த முடியாது என்று முதலில் நிறுத்தப்பட்ட சம்பளம் என்னுடையதுதான். பதினான்கு மாதம் கொழுந்து பறித்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 2022 ஏப்ரலில் அந்த அழைப்பு வந்தபோது நான் எந்த நிலையில் இருந்தேன் என்பது தெரிய வேண்டும்.

கீழே சமவெளியில் புதிதாகப் பெண்கள் ஹாக்கி அகாடமி. தங்கும் விடுதி, பக்கத்துப் பள்ளியில் படிப்பு, செயற்கைப் புல்தரையில் பயிற்சி. மலைப் பிள்ளைகளுக்கு நுரையீரல் பலம் உண்டு, நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள், பிள்ளைக்கு 3,000, பிறகு மாதம் 8,000 சம்பளத்தில் திறன் தேடல் பொறுப்பாளர் என்றார் நிர்வாகி. 'பொறுப்பாளர்' என்ற சொல் வேலை செய்துவிட்டது. புகைப்படங்கள் அனுப்பினார், நீலத் தரை, தண்ணீர் தெளிக்கும் குழாய்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததிலிருந்து ஹாக்கியே அந்தத் தரைக்குப் போய்விட்டது; மலைப் பிள்ளைகளுக்கு அது கிடைக்காததுதான் குறை என்று பல காலம் புலம்பியவள் நான். படத்தைப் பார்த்ததும் நேரில் போய்ப் பார்த்தது போல ஆகிவிட்டது.

ஆறு வாரம் அலைந்தேன். பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதில் நான் தவறு செய்யவில்லை, அதை இன்றும் சொல்வேன். கோல் அடிப்பவளை எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது, பந்து பறிபோன பிறகு ஒருத்தி என்ன செய்கிறாள் என்பதை. இடுப்பில் கை வைத்து நிற்கிறாளா, சக ஆட்டக்காரியைத் திட்டுகிறாளா, திரும்பி ஓடுகிறாளா? பந்து வந்து சேர்வதற்கு முன் ஒருமுறையாவது தலையைத் தூக்கி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறாளா? வேகத்தை ஏற்றலாம், உடம்பை ஏற்றலாம். அந்தத் தலை தூக்கலை ஏற்றுவது பெரும்பாடு. ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து யாரையும் எடுக்கக் கூடாது. தோற்கிற ஆட்டம் ஒன்றையும் பார்க்க வேண்டும். சோலூர்மட்டம் பக்கத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கோலில் நின்றாள். காலில் யாரோ தூக்கிப் போட்ட கிரிக்கெட் பேடு. வார் அறுந்துபோய் கொழுந்துச் சாக்கின் கயிற்றால் கட்டியிருந்தாள். விடுமுறைகளில் அம்மாவோடு இலை பறிக்கிற விரல்கள். பந்து மட்டையிலிருந்து கிளம்பும் முன்பே அவள் எடை ஒரு காலுக்கு மாறியிருக்கும். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அவள் அப்பாவை மட்டும் மூன்று முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் முறை, "டீச்சர், நீங்கள் அந்த இடத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். படத்தைத்தானே பார்த்தேன். இந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். மூன்றாம் முறை, பராமரிப்பு முன்பணம் 20,000 ரூபாயைச் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி என் கையில் கொடுத்தார். ஆறு குடும்பத்துப் பணத்தையும் ரொக்கமாக நான்தான் வாங்கினேன். நிர்வாகியின் சொந்த வங்கிக் கணக்குக்கு நான்தான் போட்டேன். ரசீது வரும் என்றார்கள்.

குஞ்சப்பனை வழியாக இறங்கும்போது வளைவுகளில் நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். மேட்டுப்பாளையத்தில் வெயில் முகத்தில் அடித்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் நீலத் தரை இல்லை. அது அடுத்த மாதம் தயாராகும், அதுவரை இங்கே என்று ஒரு காலி மனையைக் காட்டினார்கள். வாடகை வீட்டில் இரண்டு அறைகளுக்குப் பதினைந்து பிள்ளைகள். விடுதிக் காப்பாளர் என்று ஒரு பெண் இருந்தார், சமையலும் அவரே. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. இரண்டாம் வாரம் கோல்கீப்பர் பிள்ளை போன் செய்தாள். "டீச்சர், இங்கே கோல்கீப்பருக்குப் பேடு, ஹெல்மெட் எதுவுமே இல்லை. என்னை முன்னால் ஆடச் சொல்கிறார்கள்." வந்துவிடும், கொஞ்சம் பொறு என்றேன். அதற்கு ஒரு வாரம் முன்புதான் என் கணக்கில் 18,000 ரூபாய் ஏறியிருந்தது. அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையின் குரல் எனக்கு வேறு மாதிரி கேட்டிருக்கும். இதைப் படிக்கும் பழைய ஆட்டக்காரர்கள் யாராவது இருந்தால், தலைக்கு இவ்வளவு என்ற பேச்சை எடுத்ததுமே எழுந்துவிடுங்கள். போக்குவரத்துச் செலவு வாங்குங்கள், மாதச் சம்பளம் வாங்குங்கள், நாள் கூலி கூட வாங்குங்கள். பிள்ளைக் கணக்கில் மட்டும் வாங்காதீர்கள்.

அக்டோபருக்குள் மூன்று பயிற்சியாளர்கள் மாறிவிட்டார்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு அனுப்ப பஸ் காசு இல்லை என்று பெற்றோரிடம் கேட்டார்கள். நவம்பர் மாதம் நிர்வாகியின் தொலைபேசி அணைந்துவிட்டது. வீட்டுக்காரர் வந்து பூட்டுப் போடப்போகிறேன் என்று மிரட்டியதைப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டிசம்பர் முதல் வாரம் இறங்கிப்போய்க் கூட்டி வந்தேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். மனு ரசீது கொடுத்தார்கள். "பணத்தை யாரிடம் கொடுத்தார்கள் என்பதற்குப் பெற்றோரிடம் என்ன சான்று இருக்கிறது?" என்று அங்கே கேட்டார்கள். பெற்றோர் பணம் கொடுத்தது என்னிடம். பார்க்கப்போனால் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவள் நான்தான். 1,20,000 ரூபாயையும் ஐந்து மாதத்தில் திருப்பிக் கொடுத்தேன். அலைச்சல், பஸ், பிள்ளைகளுக்கு வாங்கிய காலணி எல்லாம் 27,000. வாங்கிய 18,000-ஐக் கழித்துக்கொண்டால் முதலில் சொன்ன தொகை வரும்.

பணத்தை விடப் பயந்தது படிப்புக்கு. ஜூன் மாதமே அரசுப் பள்ளிகளில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியிருந்தோம். மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் எமிஸ் இணையதளத்தில் ஆறு பேரின் எண்ணும் பொதுத் தொகுப்புக்குப் போயிருந்தது. புதிய பள்ளி அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. பிள்ளைகள் தினமும் போய் உட்கார்ந்திருக்கிறார்கள், பதிவேட்டில் பெயர் இல்லை. ஆறு மாதம் அரசாங்கக் கணக்கில் அவர்கள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஒருத்தி பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வுப் பெயர்ப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம். பழைய பள்ளித் தலைமை ஆசிரியை என்னை நிற்க வைத்துத் திட்டினார். திட்டிக்கொண்டே கணினியில் அத்தனை பேரையும் திரும்ப எடுத்துக்கொண்டார். பத்து நிமிட வேலை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் செப்டம்பரில்தான் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது; ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அதே நிபந்தனை. கீழே இருந்த தனியார் பள்ளி ஒழுங்காகப் பெயர் சேர்த்திருந்தால் ஆறு பேரும் அத்தனையையும் இழந்திருப்பார்கள். அவர்கள் அலட்சியம் செய்த ஒரே நன்மை அதுதான். அரசுப் பள்ளிப் பெண்ணைத் தனியார் பள்ளிக்கு மாற்றச் சொல்லி யார் வந்தாலும் பெற்றோர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது யாராவது விடுதி என்று சொன்னால் நான் பார்ப்பது இவைதான். பெண்களோ குழந்தைகளோ தங்கும் விடுதிக்கு 2014 சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும்; அதன் நகலைக் கேட்கிறேன். கேட்டதும் முகம் மாறினால் அங்கேயே முடிந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் ஒருமுறை, இரவு உணவு நேரத்தில் போகிறேன். ஏற்கெனவே தங்கியிருக்கும் பிள்ளையிடம் நிர்வாகி இல்லாத இடத்தில் பேசுகிறேன். கோல்கீப்பர் உடுப்பு எங்கே என்று கேட்கிறேன். ஓர் ஹாக்கிப் பயிற்சி மையம் உண்மையா என்று தெரிந்துகொள்ள எனக்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது, ஏனென்றால் அதுதான் விலை அதிகம், படத்தில் தெரியாது. பணம் எதுவும் என் கைக்கு வருவதில்லை. பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் அனுப்புவதில்லை. அன்றைய கூலி போகிறதே என்பார்கள், போகட்டும் என்பேன். எல்லாவற்றுக்கும் முன்னால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. தங்குமிடம், உணவு, பயிற்சி இலவசம். கோடையை ஒட்டித் தேர்வு அறிவிப்பு வரும், இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கோவில்பட்டி விடுதியிலிருந்து இந்திய அணிக்குப் போன கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அல்லர். அந்த அறிவிப்பைப் பார்த்து, பிறப்புச் சான்றிதழில் பெயர் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று டிசம்பரிலேயே சரிபார்த்து வைப்பதுதான் மலையில் திறன் தேடுகிறவருக்கு முதல் வேலை. எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அது ஒத்துப்போவதில்லை.

இப்போதும் ஒரு தனியார் பள்ளியில்தான் இருக்கிறேன், சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மைதானத்தில் பதினெட்டுப் பிள்ளைகள். போன கோடையில் மூவர் விடுதித் தேர்வுக்குப் போனார்கள், அவரவர் அம்மாவோடு, அவரவர் டிக்கெட்டில். ஒருத்தி தேர்வானாள். அந்த ஆறு பேரில் நால்வர் மட்டையைத் தொடுவதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை தேறிவிட்டாள், இப்போது செவிலியர் படிப்பு. கோல்கீப்பர் மட்டும் வருகிறாள். உண்மையான பேடு வாங்கியாயிற்று, பழையதுதான், பஞ்சு கொஞ்சம் வெளியே தெரியும்.

அவள் அப்பா என்னோடு பேசுவதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார், அதோடு சரி. ஆனால் ஞாயிறு காலை மகளோடு நடந்து வருகிறார். மைதானத்துக்குள் வராமல் சரிவில் இறங்கி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறார். தேயிலைக்குள் உருண்டு வரும் பந்துகளை எடுத்து, என்னைப் பார்க்காமல் மேலே எறிகிறார். போன வாரம் நான்கு பந்து போயின, மூன்று வந்தன. நான்காவதைத் தேடி அவர் மழையில் வெகுநேரம் செடிகளை விலக்கிக்கொண்டிருந்தார்; விடுங்கள் என்று மேலிருந்து கத்தினேன், காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.